துணைக்குப் போனவள்

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறியா தாயி, நான் செத்த உக்காந்துக்கிறேன். நின்னா முழங்காலு கெஞ்சுது. ஆங், போதும் போதும், நீ சன்னல் பக்கமே இரு. எனக்குக் காத்து வந்தா என்ன, வராட்டி என்ன. புக்கை ஏன் மூடுற? நீ பாட்டுக்குப் படி, நான் பாட்டுக்கு வாறேன்.

கழுத்துல தொங்குறது நம்ம காலேஜு அட்டைதானே? நீலக் கயிறைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதான் அம்புட்டு சீட்டையும் விட்டுட்டு உம் பக்கத்துல வந்தேன். நானும் அங்கதான் போறேன். வேலைக்கு இல்லத்தா. கூட்டிப் பெருக்குற அம்மான்னு நெனச்சியா? நெனச்சா நெனச்சுக்க, எல்லாரும் அப்படித்தான் நெனப்பாக. நான் அங்க படிச்சேன். பி.ஏ. வரலாறு. இன்னைக்குப் பட்டமளிப்பு விழா, மேடையில ஏறி வாங்கணும். சிரிக்கிறியா? சிரி, சிரி, எனக்கே சிரிப்பாணியாத்தான் இருக்கு. இந்தச் சேலையப் பாரு. எம் மக கல்யாணத்துக்கு எடுத்தது. அதுக்குப் பெறகு இன்னைக்குத்தான் கட்டுறேன். கருப்பு அங்கி ஒண்ணு குடுப்பாகளாமே, அதைப் போட்டா சேலை தெரியுமா? தெரியாதா? சரி, போகட்டும்.

கூட யாரும் வரலையான்னா கேக்குற? நல்ல கேள்வி கேட்ட போ. ஒரு ஆளுக்கு ரெண்டு பேரைக் கூட்டியாரலாம்னு பாஸு குடுத்திருக்காக. இந்தா, ரெண்டும் பையிலயே கெடக்கு. எங்க வீட்டுக்காரரு நெல்லு அறுக்குற மெஷினு ஓட்டுறாரு, இது அறுப்புக் காலம், அவுகளை நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். ஆனா எம் மக வந்திருக்கணும். பெத்த மக. அவளுக்காகத்தான் நான் காலேஜு வாசப்படியே மிதிச்சேன். அவ வரல. எங்கூடப் பேச்சே அத்துப்போச்சு. போனைப் போட்டா, "ம்" "சரி" "வச்சிரவா" இந்த மூணுதான். நான் என்ன பாவம் பண்ணேன் தாயி? நீயும் ஒரு பொம்பளப்புள்ள, படிக்கிற புள்ள. கேட்டுட்டு நீயே சொல்லு.

எம் மக பேரு பிரதீபா. நாங்க தீபான்னு கூப்பிடுவோம். ஒத்தப் புள்ள. சின்னதுலயே அதுக்கு ஒரு கிறுக்கு. கோயிலுக்குக் கூட்டிப்போனா சாமி கும்பிடாது, கோபுரத்துல எத்தனை பொம்மைன்னு எண்ணிக்கிட்டு நிக்கும். எண்ணி முடிக்காம வராது. "அடியே, எண்ணுனா சாமி கண்ணைக் குத்தும்டி"ன்னு இழுத்துட்டு வருவேன். பள்ளிக்கூடத்துல கணக்குன்னா அவதான். பன்னெண்டாப்புல கணக்குல நூத்துக்கு நூறு. அந்த வாத்தியாரு, பாவம் நல்ல மனுசன், அவரே காசு போட்டு மிட்டாய் வாங்கிப் பள்ளிக்கூடம் பூராம் குடுத்தாரு. "இந்தப் புள்ளையக் கணக்குல சேத்துவிடுங்கம்மா, எங்கயோ போகும்"னாரு. எனக்கும் அப்படித்தான் ஆசை. நான்தான் பன்னெண்டு முடிச்ச கையோட கழுத்தை நீட்டிப்புட்டேன், எம் மகளாச்சும் பட்டம் வாங்கணும். இதுதான் எனக்கு. வேற நகை நட்டு எதுலயும் எனக்கு ஆசை கெடையாது, யாரை வேணாலும் கேட்டுப்பாரு.

அந்த வருசம் பாத்து எங்க மூத்தாரு மக இந்துமதி ஓடிப்போனா. மூத்தாருன்னா எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன். மதுரையில ஆஸ்டல்ல தங்கிப் படிச்சவ, ஒருநா மாலையும் கழுத்துமா போட்டோ அனுப்பிட்டா. வீடு எழவு வீடு மாதிரி ஆகிப்போச்சு. மூத்தாரு சவரம் பண்ணல, வெளிய தெருவ போகல. அப்பறம் ஒருநா பங்காளிகளை எல்லாம் உக்காத்தி வச்சுச் சொல்லிப்புட்டாரு. "இனி நம்ம வகையறாவுல பொட்டப்புள்ளைக பன்னெண்டோட சரி. மீறி அனுப்புறவன் எனக்குத் தம்பி இல்ல." எங்க வீட்டுக்காரரு அண்ணன் பேச்சைத் தட்ட மாட்டாரு. ராமருக்கு லட்சுமணன். தலையை ஆட்டிட்டு வந்துட்டாரு.

தீபா சாப்பிடல. சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா. அழுதாக்கூடத் தேவலை, அழுகவும் இல்ல. சோத்தைப் பிசைஞ்சு வாய்கிட்டக் கொண்டுபோனா, வாயைத் தொறக்காம என்னையவே பாக்குறா. பெத்த வயிறு என்ன பாடுபடும்? எனக்கு ஆங்காரம் வந்துருச்சு. மூத்தாரு வீட்டுக்கு நேராப் போனேன். தலையில முந்தானையப் போட்டுக்கிட்டு நின்னு, "மாமா, புள்ள தனியாப் போனாத்தானே தப்பு? துணைக்கு நான் போறேன்"னேன்.

எங்க பக்கத்துல அதுதான் வழக்கம் தாயி. வயசுக்கு வந்த புள்ள கோயிலுக்குப் போனாலும் துணை, டாக்டருகிட்டப் போனாலும் துணை, அத்தை வீட்டுக்கு அடுத்த தெருவுக்குப் போனாலும் துணை. துணையோட போனா யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. "எங்க துணைக்குப் போவ, காலேஜு வாசல்ல கடலை விப்பியா?"ன்னு மூத்தாரு கேட்டாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. நான் விடலயே. "வாசல்ல எதுக்கு உக்காரணும்? நானும் பன்னெண்டு பாஸு பண்ணவதான். உள்ளயே உக்காருறேன். அவ பெஞ்சுல, அவ பக்கத்துல. அவ மேல ஒரு ஈ உக்காந்தாலும் நான் பதில் சொல்றேன்"னேன். மூத்தாரு யோசிச்சாரு, யோசிச்சாரு, மோவாயைத் தடவுனாரு. "உம் பொறுப்பு"ன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஓடியாந்தேன்.

தீபாட்டச் சொன்னேன் பாரு, எந்திரிச்சு வந்து எங் காலைக் கட்டிக்கிட்டா. "அம்மா, அம்மா"ங்குறா. அன்னைக்கு நாலு தோசை தின்னா. அந்த மொகம் இன்னும் எங் கண்ணுலயே நிக்குது. அதுக்குப் பெறகு அந்த மொகத்தை நான் பாக்கல.

காலேஜு ஆபீஸ்ல எனக்கு வயசு கூடன்னு தலையச் சொறிஞ்சாக. பிரின்சிபல் நல்லவரு, யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்குனாரு. ஆனா ஒரு சிக்கலு. தீபா கணக்குல சேரணும்னு வந்திருக்கா, நான் அந்தக் காலத்துல கணக்கு எடுக்காம வரலாறு குரூப்புல படிச்சவ. எனக்குக் கணக்குல சீட்டுத் தர முடியாதுன்னுட்டாக. தந்தாலும் எனக்கு அது ஏறுமா? கழித்தலுக்கே விரலை மடக்குறவ நான்.

தீபா சொன்னா, "நீ வரலாறுல சேரும்மா, நான் கணக்குல சேர்றேன். ஒரே காலேஜு, ஒரே பஸ்ஸு, வகுப்பு மட்டுந்தானே வேற." நான் சொன்னேன், "ஏண்டி, துணைன்னா பக்கத்துல இருக்கணும். நீ ஒரு ரூம்பு, நான் ஒரு ரூம்புன்னா அதுக்குப் பேரு துணையா? உம் பெரியப்பாட்ட நான் என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்?" நியாயந்தானே? வாக்குக் குடுத்திருக்கோம்ல. "எந்தப் படிப்பா இருந்தா என்னடி, பட்டம் பட்டந்தானே. வரலாறு போடு. ராஜா கதை, ராணி கதை, நல்லாத்தான் இருக்கும்"னேன். அவ பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. பின்னாடி வரிசையில ஆளுக கத்துறாக. கடைசியில கணக்குன்னு எழுதுனதை அடிச்சுட்டு வரலாறுன்னு எழுதுனா. ஒத்துக்கிட்டான்னு எனக்கு நிம்மதியாப் போச்சு.

மொத நாளு வகுப்புக்குள்ள நொழைஞ்சப்ப புள்ளைக எல்லாம் எந்திரிச்சு "குட் மார்னிங் மேடம்"னுச்சுக. நான் பாட்டுக்குப் போயி தீபா பக்கத்துல உக்காந்தனா, கொல்லுன்னு ஒரு சிரிப்பு. தீபாவுக்குக் காதெல்லாம் சிவந்துபோச்சு. "இதுல என்னடி வெக்கம், களவா எடுக்க வந்திருக்கோம்?"னு அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரித்தான் சொன்னேன். எனக்குத் தொண்டை பெருசு, எல்லாருக்கும் கேட்டிருச்சு.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, புள்ளைக தங்கம். ஒரு வாரத்துல எல்லாம் எனக்கு மக்கமாரு ஆகிருச்சுக. பஞ்சவர்ணம்மா, பஞ்சவர்ணம்மான்னு ஒரே கூப்பாடு. தூக்குவாளி நிறைய புளிச்சோறு கிண்டிட்டுப் போவேன், மத்தியானம் மரத்தடியில என்னையச் சுத்தித்தான் கூட்டம். தீபா கூட வாற புள்ளைககூட எங்கிட்டத்தான் உக்காரும், வீட்டுக்கதை வெளிக்கதை எல்லாம் எங்கிட்டத்தான் சொல்லும். தீபா ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டுக் கைகழுவப் போயிருவா. அவ கொணம் அப்படி, கூட்டத்துல ஒட்ட மாட்டா. பயலுக யாராவது அவகிட்டப் பேனா கேட்டா, நான் என் பேனாவை நீட்டிருவேன். பயந்து ஓடிருவானுக. கேண்டீனுக்குப் போறாளா, நானும் போவேன். தஞ்சாவூருக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போனாக, நான் போனேன், ராத்திரி அவளை சுவத்தோரம் படுக்கப்போட்டு நான் வெளிப்பக்கம் படுத்துக்கிட்டேன். ஒரு ஈ அண்டல. மூத்தாரே ஒருநா எங்க வீட்டுக்காரருட்ட, "உம் பொண்டாட்டி கெட்டிக்காரிப்பா"ன்னு சொன்னாராம்.

ஒண்ணு சொல்றேன், யாருட்டயும் சொன்னதில்ல. எனக்கு அங்க கெடைச்ச சந்தோசம் இருக்கே, ஆத்தாடி, அதை எப்படிச் சொல்லுவேன்? மாடு இல்ல, அடுப்பு இல்ல, ஒரு சத்தம் இல்ல. காலை நீட்டி பெஞ்சுல உக்காந்து, ஒருத்தர் நமக்குன்னு நின்னு சொல்லித் தாறாக. நான் கைதூக்கிக் கேள்வி கேட்டா, "நல்ல கேள்வி"ங்குறாக. என் வாழ்க்கையில நான் கேட்ட எதையும் யாரும் நல்ல கேள்வின்னு சொன்னது கெடையாது தாயி. வீட்டுல வாயைத் தொறந்தாலே "உனக்கு என்ன தெரியும்"தான். மொதப் பரீட்சையில தீபாவை விட எனக்கு மார்க்கு கூட. ஓடியாந்து எங்க வீட்டுக்காரருட்ட, "உங்க மகளை நான் ஜெயிச்சுப்புட்டேன்"னு சொன்னேன். அவுக வயிறு குலுங்கச் சிரிச்சாக. தீபா உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. விளையாட்டுக்குச் சொன்னதுக்கு இம்புட்டு ரோசமா?

அப்பறந்தான் அந்தக் கேடு வந்துச்சு. ரெண்டாம் வருசம். தண்ணி குடிக்கப் போறேன்னு போவா, வர மாட்டா. எனக்குன்னா பாடத்துல மூழ்கிட்டா நேரம் தெரியாது, அது எந் தப்புதான். ஒருநா மணியடிச்சும் ஆளைக் காணோமேன்னு தேடிப் போனா, கணக்கு வகுப்பு சன்னல்கிட்ட நிக்கிறா. ஆமா, வராண்டாவுல, தூணுக்குப் பின்னாடி. கம்பியப் பிடிச்சுக்கிட்டு உள்ள பாத்துக்கிட்டே நிக்கிறா, கண்ணு கொட்டாம, வாயில என்னமோ முணுமுணுத்துக்கிட்டு. நான் பக்கத்துல போயி நின்னதுகூடத் தெரியல. அந்த மொகத்துல ஒரு வெளிச்சம் தாயி. நானும் பொம்பளைதானே, ஒரு புள்ள எப்ப அப்படி நிக்கும்னு எனக்குத் தெரியாதா?

உள்ள எட்டிப் பாத்தேன். சன்னலோரத்துல ஒரு பய. நெட்டையா, கட்டம்போட்ட சட்டை போட்டுக்கிட்டு. தோளைத் தொட்டு "தீபா"ன்னேன், சட்டுன்னு கம்பிய விட்டுட்டா. "யாரைடி பாக்குற?" "யாரையும் இல்லம்மா." "பின்ன?" "போர்டைத்தாம்மா பாத்தேன்."

கேட்டியா, போர்டைப் பாத்தாளாம்! நானும் பாத்தேனே அந்தப் போர்டை. ஒரே கோடும் புள்ளியும் இங்கிலீசு எழுத்துமாக் கெடக்கு. அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.

நான் உடனே யாருட்டயும் சொல்லல. கண்ணு மட்டும் வச்சிருந்தேன். நாலஞ்சு நாளு கழிச்சு அதே எடம், அதே தூணு. அந்தப் பய சன்னல் வழியா ஒரு புக்கை நீட்டுறான், இவ வாங்கி என்னமோ எழுதித் திருப்பிக் குடுக்குறா. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. நேராப் போயிப் பயலைப் பிடிச்சேன். "எந்த ஊருடா நீ? எம் மககிட்ட என்ன சோலி?" "ஆன்ட்டி, சத்தியமா ஒண்ணும் இல்ல. எங்களுக்குப் புரியாத கணக்கை அவங்கதான் போட்டுத் தராங்க. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அவங்கதான் சொல்லித் தாறாங்க"ங்குறான். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு! வரலாறு படிக்கிறவ, கணக்கு படிக்கிற பயலுகளுக்குச் சொல்லித் தாறாளாம். காதுல பூச்சுத்த ஆளு பாத்தான். ரெண்டு வாங்கு வாங்கி அனுப்பிட்டேன்.

அன்னைக்கு வாற பஸ்ஸுல தீபா எங் கையப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, அப்பாட்டச் சொல்லிராத. நான் இனி அங்க போக மாட்டேன். ஒன் பக்கத்துலயே இருக்கேன்"னா. அழுதா. எனக்கும் மனசு எளகத்தான் செஞ்சுச்சு. ஆனா நான் பொறுப்பு ஏத்தவ. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, துணைக்குப் போனவ தூங்கிட்டாளான்னு ஊரு கேக்குமா கேக்காதா? நான் சொல்லலைன்னா வேற எவளாவது கையும் காலும் ஒட்டவச்சுச் சொல்லுவா. எங்க வீட்டுக்காரரு காதுல மட்டும் பக்குவமாப் போட்டேன். "புள்ளைக்கு ஒரு எடம் பாத்துருவோம், அதுக்கு மேல உங்க இஷ்டம்"னேன். அம்புட்டுத்தான் நான் சொன்னது. வைகாசியில கல்யாணம் முடிஞ்சிருச்சு. மாப்பிள்ளை அருப்புக்கோட்டைப் பக்கம், மெடிக்கல் கடையில இருக்காரு. தங்கமான புள்ள. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. அதுலயும் நான் கொறை வைக்கல.

கல்யாணத்தன்னைக்கு விடியக்காலம் அவளுக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். ஆசையாப் பேச்சுக் குடுத்தேன். "ஒனக்குத் துணைன்னு நான் எங்கெல்லாம் வந்தேன், இனி உம் புருசன் துணைடி"ன்னேன். அவ கண்ணாடியப் பாத்துக்கிட்டே சொன்னா, "நீ எனக்குத் துணைக்கு வரலம்மா. நான்தான் ஒனக்குத் துணைக்கு வந்தேன்." எனக்குக் கையில சீப்பு நின்னுபோச்சு. இது என்ன பேச்சு தாயி? யாரு யாருக்குத் துணை? கல்யாணப் பொண்ணு ஏதோ உளறுறான்னு நெனச்சு, பூவை வச்சுவிட்டேன். இன்னும் அந்தச் சொல்லு எனக்குச் செரிக்கல.

அவ போன பெறகு நான் நின்னுருக்கணும்னு சொல்றாக. எங்க நாத்தனாரு மூஞ்சிக்கு நேராவே கேட்டா, "மக இல்லாத எடத்துல ஒனக்கென்னடி வேலை?" நான் சொன்னேன், "ரெண்டு பேரு சேர்ந்தோம், ஒருத்தியாச்சும் முடிக்க வேணாமா? எம் மக ஆசையத்தானே நான் முடிக்கிறேன்?" மூத்தாருட்டயும் கேட்டேன். "கிழவிய எவன் தூக்கிட்டுப் போகப்போறான், போகட்டும்"னுட்டாரு. எனக்கு யாரும் துணைக்கு வேணும்னு யாருக்கும் தோணல பாரு. மொத நாளு தனியா பஸ் ஏறி, அந்தப் பெஞ்சுல தனியா உக்காந்தேன். பக்கத்துல அவ எடம் காலியாக் கெடந்துச்சு. பையை அங்க வச்சுக்கிட்டேன். பாடம் ஓடுது, எங் கண்ணுல தண்ணியா ஓடுது. நான் அழுகவே இல்லன்னு நெனைக்கிறா தீபா. நான் அழுதது அந்தப் பெஞ்சுக்குத் தெரியும்.

போன மாசம் பாஸ் வந்ததும் அவ வீட்டுக்கே போனேன். நேருல கூப்பிட்டா வருவாள்ல. பேரனுக்குச் சட்டை, அவளுக்குப் பிடிச்ச பணியாரம் எல்லாம் கட்டிக்கிட்டுப் போறேன், வாசல்லயே சிரிப்புச் சத்தம் கேக்குது. தீபா சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! எட்டிப் பாத்தா, பச்சைப்புள்ள மடியில தூங்குது, எதுத்தாப்புல அவ நாத்தனாரு, பன்னெண்டாப்பு படிக்கிற சின்னப்புள்ள. சிலேட்டு ஒண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் கணக்குப் போடுறாக. கணக்குப் போட்டு எதுக்குச் சிரிக்கணும்னு எனக்கு வெளங்கல. அதே வெளிச்சம் தாயி அவ மொகத்துல. அன்னைக்குச் சன்னல்ல பாத்தேன்ல, அதே வெளிச்சம். அங்க எந்தப் பயலும் இல்ல.

என்னையப் பாத்ததும் அணைஞ்சு போச்சு. "வாம்மா, எப்ப வந்த"ன்னா.

சாப்பிடுறப்ப அவ மாமியாரு அந்தச் சின்னப்புள்ள படிப்பைப் பத்திப் பேச்செடுத்தாக. "இவளும் கணக்குதான் படிக்கணுமாம். தனியா பஸ் மாறிப் போகணுமே. நம்ம சம்பந்தியம்மா மாதிரி யாராச்சும் துணைக்குப் போனாத் தேவலை"ன்னு, பெருமையாத்தான் சொன்னாக. தீபா சோத்துக் கையோட எந்திரிச்சுட்டா. "அத்தை, அவ தனியாத்தான் போவா. துணைக்கு யாரும் வேண்டாம். யாரும் வேண்டாம்"னு ரெண்டு தடவ சொன்னா. ஒரு அதட்டல் போட்டு அறியாத மக, அன்னைக்கு அப்படி நின்னா. எனக்கு எங்க போயி மொகத்தை வச்சுக்கிறதுன்னு தெரியல. சம்பந்தி வீட்டுல வச்சு பெத்தவளை இப்படியா அசிங்கப்படுத்துறது?

கெளம்புறப்ப பாஸை நீட்டுனேன். "வந்துருடி. நீ முன்வரிசையில உக்காந்திருந்தாத்தான் எனக்குப் படி ஏறக் கால் வரும்"னேன். அவ வாங்கிப் பாத்தா. எம் பேரு இங்கிலீசுல அச்சடிச்சிருக்குல்ல, அதை விரலால தடவுனா. எனக்கு உசுரே வந்துருச்சு. அப்பறம் திருப்பி எங் கையிலயே வச்சுட்டு, "தனியாப் போயிட்டு வாம்மா. தனியாப் போனா நல்லாருக்கும்"னா. கோவமா இல்ல. மெதுவா, தன்மையாத்தான் சொன்னா. கோவமாச் சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு மறந்திருப்பேன்.

இப்ப நீ சொல்லு. நான் அவளுக்குக் கெடுதல் நெனச்சனா? அவ படிக்கணும்னுதானே பங்காளிக முன்னாடி மானத்தை விட்டு நின்னேன்? ஒரு நாளு அவளைத் தனியா விட்டிருப்பனா? ஒரு நிமிசம்?

புக்கு அட்டையவே தடவிக்கிட்டு இருக்கியே தாயி. நான் ஒருத்தி, நீ என்ன படிக்கிறன்னுகூடக் கேக்காம ஊர்க்கதை பூராம் பேசிட்டேன். எங்க, அந்தப் புக்கைக் காட்டு. மூடியே வச்சிருக்க.

இது... இந்தக் கோடு, இந்த எழுத்து. இது கணக்கா? நீ கணக்கா படிக்கிற?

அப்ப அந்த வராண்டாதான் உங்க வகுப்பு. தூணு இருக்கும், பச்சைக் கம்பி போட்ட சன்னலு. ம்.

இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஒனக்கு நான் யாரோ, நீ எனக்கு யாரோ, நெசத்தைச் சொல்லு. அந்தப் போர்டை மட்டும் பாத்துக்கிட்டு ஒரு புள்ள நிக்குமா? மணியடிச்சதுகூடக் கேக்காம, பெத்தவ பக்கத்துல வந்து நின்னதுகூடத் தெரியாம... நிக்குமா?

நீயே நின்னிருக்கியா?

...

தலையை ஆட்டுறியே. சரி. சரி தாயி.

காலேஜு ஸ்டாப்பு வந்துருச்சு, எந்திரி. பையை எங்கிட்டக் குடுத்துட்டு நீ எறங்கு, ஒனக்கு வகுப்புக்கு நேரமாகும். இல்லத்தா, கை எல்லாம் பிடிக்க வேணாம். எனக்கு ஒண்ணும் செய்யல. இந்த பஸ்ஸு ஸ்டாண்டுக்குப் போயிட்டு இந்த வழியாத்தானே திரும்பும்? நான் திரும்புறப்ப எறங்கிக்கிறேன். நீ போ. தனியாப் போ.